புதுமுகமும் திசைமுகமும்

பல்கலைக்கழகங்களிலிருந்து புதிய மாணவர்க்கு வரும் கடிதங்களிலே ஒரு சொல் இப்பொழுது தவறாமற் காணப்படுகிறது. 'திசைமுகப்படுத்தல்' என்பது அச்சொல். ஆங்கிலத்தார் 'ஓரியன்ரேஷன்' என வழங்குவதனைத் தமிழாக்கியோர் இவ்வாறு ஆக்கினர். சொல் சற்று நீளமானது. நாவில் ஒருமுறை இடறிய பின்னரே வெளிவருவது. ஆயினும் பொருளற்றது அன்று. 'ஓரியன்ற்' என்பது ஞாயிறு எழும் திசை. எழுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது அது. மேலைநாட்டார் தம் தேவாலயங்களைக் கிழக்கு நோக்க அமைத்தனர். அவ்வாறு அமைத்தலைச் சுட்டிய சொல், நாளடைவில், புதிய இடத்திற் புகுந்தான் ஒருவன் தான் எங்கே நிற்கிறான் என்பதைத் திசை கொண்டு அறிந்துகொள்ளுதல் என விரிந்தது. கடிதத்திலே குறிக்கப்படுவது இவ்விரிந்த பொருளே.

கீழைத்தேய மொழிக் கல்லூரியொன்றிற் கற்பித்துக் காலங் கழிக்கும் எனக்கு 'ஓரியன்றல்' என்னும் அடைமொழி பழகிய ஒன்று. எங்கள் பெயர்ப்பலகையிலே முதுமையோடு நிற்கும் அச்சொல்லின் உடன்பிறப்பே புதுமாணவர் கடிதத்திலும் இளமையோடு வந்து நிற்கிறது என்று கண்டபோது, சொற்களுக்கும் உறவின் முறை உண்டு என்று எண்ணி மகிழ்ந்தேன்.

தமிழ் கற்றார்க்கு இன்னொன்றும் உடனே தோன்றும். திசைமுகன் என்பது பிரமனுக்கு ஒரு பெயர். திசைக்கொரு முகமாக நான்கு முகம் உடையவன், கலைமகளின் கொழுநன். ஆகவே கலைமகளின் கோயிலுட் புகுவாரைத் 'திசைமுகப்படுத்துதல்' பொருத்தமான காரியமே. மொழிபெயர்த்தோர் நினைந்தோ நினையாமலோ நல்லதொரு சிலேடையை நமக்குத் தந்துவிட்டனர். அந்தச் சிலேடையைப் பற்றிக்கொண்டே இக்கட்டுரையை நடத்தலாம் என்று கருதுகிறேன்.

ஒரு பட்டியல்

ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து மாணவி ஒருத்தி தன் தாயோடு என் வீட்டுக்கு வந்தாள். முன்னர் என்னிடம் தமிழ் படித்தவள். தொலைவிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் விஞ்ஞான பீடத்துக்கு அவள் தெரிவாகியிருந்தாள். 2009ஆம் ஆண்டு வைகாசியிலே தாயின் இடுப்பில் இருந்தபடி வட்டுவாகலைக் கடந்த குழந்தை அவள். செட்டிகுளத்து முகாமிற் கூடாரத்து நிழலிலே அவளுக்கு ஏடு தொடக்கினார்கள். அக்குழந்தைதான் இன்று பல்கலைக்கழகக் கடிதத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தாயார் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். படுக்கை விரிப்பு, வாளி, பூட்டும் இரண்டு திறப்பும், குடை, மின்சூள், தையலூசியும் நூலும், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், வற்றாப்பளை அம்மன் திருநீறு. ஒன்றும் குறை சொல்லத்தக்க பட்டியலன்று. "ஐயா, இதிலை இன்னும் என்ன சேர்க்கவேணும்? நாங்கள் ஒருதரும் இந்த வாசலை மிதிச்சதில்லை" என்றார் தாயார்.

அவ்வினா என்னை ஊசிபோலத் தைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதே திண்ணையில் வந்து நின்ற வேறொரு மாணவனை நினைத்தேன். அவனும் வன்னிக் கிராமத்தவனே. சொல்லிற் கூர்மையன், கணிதத்தில் அதனினும் கூர்மையன். அவனுக்கு ஒரு பேனையும் ஒரு திருக்குறளும் கொடுத்து, "நன்றாகப் படி" என்று வாழ்த்தி அனுப்பினேன். பத்தாம் நாள் திரும்பி வந்துவிட்டான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது ஈண்டு வேண்டா. அங்கே நடந்தவற்றை அவன் தாயிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஓராண்டு கழிந்த பின்னர் ஒருநாள், நள்ளிரவுகளில் மூத்த மாணவர் அறையிலே முழந்தாளில் நின்றதை மட்டும் சொன்னான். மீதியை அவன் முகம் சொல்லிற்று. இன்று அவன் லான்ட்மாஸ்ரர் ஓட்டி வயல் உழுகிறான். உழவு தாழ்ந்ததென்று எவரும் சொல்லார். உழவனைத் தொழுத மரபு நம்முடையது. ஆனால் அத்தொழிலை அவன் விரும்பித் தேர்ந்திலன். அவன் விரும்பியது அவனிடமிருந்து பத்து நாளிற் பறிக்கப்பட்டது.

அவனுக்கு நான் நன்னூல் கற்பித்தேன், அணியிலக்கணம் கற்பித்தேன். வாயிலைக் கடக்கும்போது எதிரே என்ன நிற்கும் என்று கற்பித்தேனல்லேன். அந்தக் குற்றம் மீண்டும் நிகழலாகாது என்று கருதி, அம்மாணவியை அமர்த்தி இரண்டு நாழிகை பேசினேன். அன்று சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி, அவளைப் போன்ற பிறர்க்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறேன்.

வாயில் வந்த வழி

புகுவோர் முதலில் அறியவேண்டுவது அவ்வாயில் எவ்வாறு திறந்தது என்பது. 1921ஆம் ஆண்டிலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சேர். பொன். இராமநாதன் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் பரீட்சைகள் நடத்திய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் யாழ்ப்பாணத்தில் எழுந்ததும் அதே ஆண்டிலேதான். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1943இல் விபுலானந்த அடிகள் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். 1945இல், கன்னங்கரா அவர்களின் முயற்சியால், கீழ்வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்னும் பெருங்கொடை நாட்டுக்குக் கிட்டிற்று. 1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தது. வன்னி மகன் ஒருவன் பட்டம் பெற விரும்பின் கொழும்புக்கோ பேராதனைக்கோ புகைவண்டி ஏறவேண்டியிருந்த காலம் அது.

1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. இராமநாதனாரின் பரமேசுவராக் கல்லூரி நின்ற மண்ணே அதற்கு இடமாயிற்று. 1990இல் விவசாய பீடம் கிளிநொச்சியிலே தொடங்கி, போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் ஓய்ந்த பின்னர் மீண்டு வந்தது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலே அதனோடு பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் நிற்கின்றன. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாய் முளைத்தது, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021ஆம் ஆண்டு ஆவணி முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மன்னார் வீதியிலே பம்பைமடுவில், பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழினுட்பக் கற்கை என்னும் மூன்று பீடங்களோடு அது தன் தனிவாழ்வைத் தொடங்கியது. நூறு ஆண்டுகளில் வாயில் நம் வீட்டு வேலியண்டை வந்துவிட்டது. வாயில் அண்மையில் வந்துவிட்டதனால் அச்சம் அகன்றுவிடவில்லை என்பதே இக்கட்டுரை எழுதப்படுதற்குக் காரணம்.

இனி, திசைமுகனின் நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாய்க் காண்போம்.

முதலாவது முகம்: விட்டு வந்த வீடு

புறப்படுமுன் கடதாசிகளை ஒழுங்குசெய்க. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேற்று அத்தாட்சிகள், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகிய இவற்றின் மூலங்களும் பிரதிகளும் வேண்டப்படும். பிற ஊர்களில் இஃது ஒரு மாலைப்பொழுதின் வேலை. வன்னியில் அவ்வாறன்று. பதுங்குகுழியிலும் கடற்கரை மணலிலும் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் நம்மிடை உள. பெயரெழுத்து ஒரு பத்திரத்தில் ஒருவாறும் மற்றதில் வேறொருவாறும் நிற்றலும் உண்டு. கடிதம் வரும்வரை காத்திராது, உயர்தரப் பரீட்சை முடிந்தவுடனேயே பிரதேச செயலகத்துக்குச் சென்று இவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கும் பல்கலைக்கழகப் புகுதலுக்கும் இடையே ஓராண்டுக்கு மேலும் செல்வதுண்டு. அக்காலம் இதற்குப் போதும்.

பணத்தின் கணக்கும் முன்னரே தெளிவாதல் வேண்டும். கற்பித்தற்குக் கட்டணம் இல்லை. உண்பதற்கும் உறைவதற்கும் உண்டு. 1981இல் ஏற்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில், திறமையும் குடும்ப வருவாயும் பார்த்து வழங்கப்படுவது. அது கிட்டாதவர்க்கு உதவுதொகை என வேறொன்று உண்டு. இரண்டுக்கும் வருமானச் சான்று வேண்டும். கிராம அலுவலரிடமிருந்து அதனை முன்னரே பெற்றுக்கொள்க. இத்தொகை முதல் மாதத்திலேயே கைக்கு வரும் என்று நம்பிப் புறப்படலாகாது. இரண்டு மூன்று மாதச் செலவைக் கையிற் கொண்டு செல்லுதல் நன்று. கடன்பட்டாவது இதனைச் செய்கிறோம் என்றார் தாயார். கடன் வாங்குமுன் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தைக் கேளுங்கள் என்றேன். கேட்பதில் நாணம் வேண்டா. கேளாதிருந்து பிள்ளை பட்டினி கிடத்தலே நாணத்தக்கது.

இம்முகத்துக்கு உரிய இன்னொரு கருமமும் உண்டு. நம் மாவட்டங்கள் கல்வியிற் பின்தங்கியன எனப் பட்டியலிடப்பட்டவை. பல்கலைக்கழக அனுமதியில் ஒரு பங்கு நாடளாவிய திறமைக்கும், பெரும்பங்கு மாவட்டத் திறமைக்கும், சிறுபங்கு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுதல் வழக்கமாயிருந்து வருகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாணவரைப் பார்த்து, "நீ கோட்டாவில் வந்தவன்" என்று ஏளனஞ் செய்வோர் விடுதிகளில் உண்டு. இவ்வேளனம் அடியைக் காட்டிலும் ஆழமாய்ப் பாயும். அதற்கு விடையை மனத்திலே ஆயத்தமாய் வைத்திருத்தல் வேண்டும். பின்தங்கியது பிள்ளையின் மதி அன்று. ஆய்வுகூடமில்லாத பள்ளி பின்தங்கியது. பௌதிகத்துக்கு ஆசிரியர் வராத ஆண்டுகள் பின்தங்கின. பேருந்து வராத வீதி பின்தங்கியது. மண்ணெண்ணெய் விளக்கில் எடுத்த புள்ளியும் மின்விளக்கில் எடுத்த புள்ளியும் தாளில் ஒன்றாகத் தோன்றலாம். எடுத்த உழைப்பு ஒன்றன்று. இதனை உரக்கச் சொல்லவேண்டுவதில்லை. உள்ளே தெரிந்திருந்தாற் போதும். தலை தானே நிமிரும்.

இரண்டாவது முகம்: பாடம்

தமிழில் உயர்தரம் கற்ற பிள்ளை விஞ்ஞான பீடத்திற் புகுந்தவுடன் ஆங்கிலத்தைச் சந்திக்கிறது. முதல் விரிவுரையில் விளங்குவது 'குட் மோர்ணிங்' ஒன்றே என்று ஒரு மாணவன் என்னிடம் வேடிக்கையாகச் சொன்னான். வேடிக்கையின் உள்ளே கண்ணீர் இருந்தது. பள்ளியில் முதலாவதாய் நின்றவன், அங்கே வாய்திறக்க அஞ்சிக் கடைசி வாங்கிலில் ஒதுங்குகிறான். 'எனக்கு மூளையில்லை' என்று முடிவுசெய்கிறான். அது மூளையின் குறையன்று; மொழியின் குறை. மொழியின் குறை காலத்தால் நீங்கும்.

தொடக்க வாரங்களில் ஆங்கில வகுப்புக்கள் நடத்தப்படும். அவற்றைப் பொழுதுபோக்கென்று கருதித் தவிர்ப்பவர் பின்னர் மூன்றாண்டு வருந்துவர். புறப்படுமுன்னரே தம் பாடத்தின் கலைச்சொற்கள் முந்நூறு நானூற்றைத் தமிழும் ஆங்கிலமுமாக ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பழகுக. 'ஒளித்தொகுப்பு' என்பதை ஐயமற அறிந்த பிள்ளைக்கு, அதற்குரிய ஆங்கிலச் சொல் புதிய அறிவன்று. பழைய அறிவுக்குப் புதிய சட்டை. பொருளைத் தமிழில் அறிந்திருப்பதே பெரும் முதல். விபுலானந்த அடிகளை நினைக்க. அவர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர்; இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயிருந்ததும், பின்னர் யாழ்நூலிலே பண்டை இசையைக் கணிதங்கொண்டு ஆராய்ந்ததும், இரு மொழியும் இரு துறையும் அவருள்ளே பகை கொள்ளாமையாலேயே கைகூடின.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே மாணாக்கரை எட்டு உவமைகளால் வகுத்தார். அன்னமும் ஆவும் தலை. மண்ணும் கிளியும் இடை. இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை. வகுப்பறையில் இருந்து இதனைக் கற்பவர்க்கு இஃது ஒரு பட்டியல்; வன்னியில் வாழ்பவர்க்குக் கண்முன் நிற்கும் காட்சி. முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ எருமை இறங்குவதைப் பார்த்தவர்க்கு, குளத்தைக் கலக்கிவிட்டுக் கலங்கல் நீரைக் குடிக்கும் மாணவன் யாவன் என்று விளக்கவேண்டுவதில்லை. செடிக்குச் செடி தாவி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடிக்கும் ஆடு, இன்று கைத்தொலைபேசியிலே ஐந்து நிமிடத்துக்கொரு காணொளி பார்த்துப் படிக்கும் மாணவனாய் வடிவெடுத்திருக்கிறது. ஆ, கண்ட இடத்திற் பசும்புல்லை வயிறார மேய்ந்து, பின்னர் நிழலிற் படுத்து அசைபோடும். விரிவுரையிற் கேட்டதை அன்றிரவே நூலகத்தில் இருந்து அசைபோடுதல் என்பது இதுதான். பல்கலைக்கழகத்தின் முதல் வாரத்திலே முதலாவதாய்ப் பெறவேண்டிய அட்டை நூலக அட்டை.

மூன்றாவது முகம்: உடன் உறைவோர்

வன்னிக் கிராமத்துப் பிள்ளை பெரும்பாலும் தன் மொழியும் தன் சமயமும் உடையோரிடையே வளர்ந்தது. பல்கலைக்கழகத்திலோ, பக்கத்துக் கட்டிலிற் காலி மாவட்டத்துச் சிங்களப் பெண் இருப்பாள். எதிர்க்கட்டிலிற் கல்முனை முஸ்லிம் பெண் இருப்பாள். பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலுங்கூட நிலைமை இதுவே. ஒருத்தி விடியலிற் தொழுவாள். ஒருத்தி போயாவுக்கு வெள்ளை உடுப்பாள். ஒருத்தி வெள்ளிக்கிழமை விரதம் இருப்பாள். குளியலறை ஒன்று, வாளி மூன்று.

இவ்விடத்தில் உண்மையை மறைத்தலாற் பயனில்லை. 2016ஆம் ஆண்டு ஆடித்திங்கள் 16ஆம் நாள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலே, புதுமாணவரை வரவேற்கும் விழாவிற் கண்டிய நடனம் சேர்க்கப்பட்டமை பற்றி எழுந்த பிணக்குத் தமிழ் மாணவர்க்கும் சிங்கள மாணவர்க்கும் இடையே கைகலப்பாய் முடிந்தது. மாணவர் காயமுற்றனர், வகுப்புக்கள் நின்றன. வரவேற்பதற்கென்றே கூடிய நாளில் அது நிகழ்ந்தது என்பதை எண்ணுக. இருபுறத்தும் பழம்புண் இருந்தது. புண்ணுடையார் இருவர் ஒரு பாயிற் படுக்கும்போது, புரளுமுன் சொல்லிப் புரளவேண்டும். முன்கூட்டிப் பேசியிருந்தால் நாதசுரமும் கண்டி மேளமும் ஒரே வாயிலால் நுழைந்திருக்கலாம்.

முல்லைத்தீவில் உறவினரை இழந்த பிள்ளைக்கு, "எல்லாவற்றையும் மறந்துவிடு" என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அப்பிள்ளையின் துயரம் அப்பிள்ளைக்குரியது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் 2009இல் அதே வயதுக் குழந்தையாய் இருந்தாள் என்பதையும் நினைவில் வைத்தல் அறம். அவள் மொழியிற் பத்து வாக்கியங் கற்றுக்கொள்க. நம் மொழியிற் பத்து வாக்கியங் கற்பிக்க. உப்பும் தண்ணீரும் கேட்கத் தெரிந்தவரிடையே சண்டை எழுந்தாலும் நெடுநாள் நில்லாது.

நான்காவது முகம்: மூத்தோர்

எல்லாரும் அஞ்சும் முகம் இது. 'பகிடிவதை' என்னும் சொல்லை நோக்குக. தொகைமொழியிற் பொருள் எவ்விடத்திற் சிறந்து நிற்கும் என்று இலக்கண நூலார் ஆராய்வர். இத்தொகையிற் பகிடி வெறும் அடை. பொருள் முழுதும் வதையிலேயே நிற்கிறது. பகிடி என்னும் சர்க்கரையைப் பூசினாலும் உள்ளிருப்பது வதையே. இதனைச் செய்வோர், "நாம் சமத்துவம் கற்பிக்கிறோம்; கூச்சத்தைப் போக்குகிறோம்; ஒற்றுமை வளர்க்கிறோம்" என்பர். முழந்தாளிற் கற்ற சமத்துவம், அடுத்த ஆண்டு மற்றவனை முழந்தாளில் நிறுத்துவதிலேயே முடியும். ஆண்டுதோறும் வட்டியோடு கைமாறும் கடன் அது.

அதன் விலையை வரலாறு அறியும். 1975இற் பேராதனை விடுதியொன்றிலே, வதைக்கு அஞ்சி மேன்மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் மீண்டும் நடக்க இயலாதவரானார். தமிழ்நாட்டிலே 1996இல் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவராற் கொல்லப்பட்டார். 1997இல் அங்கே தடைச்சட்டம் பிறந்தது. அதே 1997இல் பேராதனையில் முதலாண்டு மாணவர் ஒருவர் வதையின் விளைவாய்ச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அடுத்த ஆண்டு இலங்கையும் சட்டம் இயற்றியது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அது. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு செய்வதும், நோவோ அச்சமோ விளைப்பதும் பகிடிவதை என்று அது வரைவிலக்கணம் கூறும். குற்றவாளிக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை. பாலியற் கொடுமையோ கடுங்காயமோ நேரின் பத்தாண்டு வரை. சட்டத்தின் இந்தச் சுருக்கத்தைப் புதுமாணவர் ஒவ்வொருவரும் மனனஞ் செய்தல் நன்று. உள்ளத்து நோவும் குற்றமே என்று சட்டம் சொல்லுகிறது. ஆகவே, "அடிக்கவில்லையே" என்பது விடையாகாது.

எனினும் சட்டம் நள்ளிரவில் விடுதியறைக்கு வாராது. அங்கே துணையாவன சில பழக்கங்கள். முதல் நாளிலேயே மாணவ ஆலோசகர் யார், விடுதிக் காப்பாளர் யார் என்று கேட்டு அவர்தம் தொலைபேசி இலக்கங்களைக் குறித்துக்கொள்க. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நேரே முறைப்பாடு பெறுதற்கு வழி அமைத்திருக்கிறது, அதனையும் குறித்துக்கொள்க. இரவிற் தனியே ஓர் அறைக்கு வருமாறு அழைத்தாற் செல்லற்க. உடன் பயில்வார் இருவர் மூவரோடு எப்பொழுதும் கூடியிருக்க. நிகழ்ந்ததை நாளும் நேரமும் இட்டு அன்றே எழுதி வைக்க. எல்லாவற்றினும் மேலாக, வீட்டிலே ஒருவரிடமேனும் உண்மை சொல்க. என் பழைய மாணவனை வீழ்த்தியது முழந்தாள் நோவன்று. அதனைச் சொல்ல ஆளில்லாத தனிமை. "அம்மாவுக்குக் கவலை கொடுக்கக்கூடாது" என்று அவன் வாய்மூடினான். அவ்வாய் திறந்திருந்தால் அவன் இன்று பொறியியலாளன்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை அழுதுகொண்டு தொலைபேசியிற் பேசும்போது, "எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துக்கொள்" என்னற்க. அச்சொல் கதவை அடைத்துவிடும்.

மூத்தோர் அனைவரையும் ஒரே தட்டில் நிறுத்தலும் நீதியன்று. பல்கலைக்கழகங்களிற் 'குப்பி' என்று ஒரு வழக்கம் உண்டு. மூத்த மாணவர், பரீட்சை நெருங்கும்போது, இளையோரை மர நிழலிலோ வெற்றறையிலோ இருத்திப் பாடம் விளக்குவர்; கூலி பெறார். குப்பி விளக்கு என்பது போத்தலிலே திரியிட்ட ஏழை வீட்டு விளக்கு. மின்சாரமில்லாத ஆண்டுகளில் வன்னியிலே நாம் கற்றது அவ்விளக்கின் கீழேதான். ஒரு விளக்கிலிருந்து மறுவிளக்கு ஏற்றப்படுதல்தான் மூத்தோர்க்கு உரிய மாண்பு. ஆனால், வதைக்கு இணங்கியவர்க்கே குப்பி என்று சிலவிடங்களில் நிபந்தனை இடுகிறார்கள். விளக்கைக் காட்டி முழந்தாளிட வைப்பது, தண்ணீரைக் காட்டி அடிமை கொள்வது போன்றது. குளத்து நீருக்குச் சாதி கேட்ட காலத்தை நாம் வைதோம். இதனையும் வைதல் வேண்டும்.

மூத்த மாணவர்க்கு

இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயிலும் வன்னி மாணவரே, இச்சிறுபகுதி உங்களுக்கு. புதிதாய் வரும் பிள்ளையின் ஊரைக் கேட்கிறீர்கள். புதுக்குடியிருப்பு என்கிறது, விசுவமடு என்கிறது, நெடுங்கேணி என்கிறது. அப்பிள்ளை எவ்வழியால் அங்கு வந்து நிற்கிறது என்பதை உங்களினும் அறிந்தார் யார்? அச்சத்தை அது போதிய அளவு கற்றுவிட்டது. நீங்கள் மேலும் கற்பிக்கவேண்டுவதில்லை. அதற்குப் பட்டப்பெயர் இடுமுன் அதன் சொந்தப் பெயரைக் கேளுங்கள். சோற்றுக்கடை எங்கே மலிவு, எந்த விரிவுரையாளரிடம் அஞ்சாது கேட்கலாம், நூலகத்தில் எந்த மூலை அமைதியானது என்று சொல்லுங்கள். உங்களுக்குச் செய்யப்பட்டதை நீங்கள் செய்யாது விடின், கடன் உங்களோடு தீர்ந்துவிடும். கடனை அடைத்துத் தீர்ப்பதினும் அடையாது தீர்ப்பது பெருமையாகும் இடம் உலகில் இஃதொன்றே.

ஆசிரியர்க்கு

நம் பாடசாலைகள் பரீட்சைப் பெறுபேறு வந்தவுடன் படலையிலே பதாகை கட்டுகின்றன. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோரின் படங்களை அச்சிடுகின்றன. அத்தோடு நம் கடமை முடிந்தது என்று கருதுகிறோம். பதாகைக்குச் செலவிடும் பணத்திலே ஒருநாட் கூட்டம் நடத்தலாம். தெரிவான பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைக்க. அதே பாடசாலையிலிருந்து முன்னர் சென்ற மூவரை அழைத்து, நல்லதும் தீயதும் பேசச் செய்க. பத்திரங்களைச் சரிபார்க்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, முதல் மாதம் முழுதும் வாரம் ஒருமுறை தொலைபேசியிற் பேசச் செய்க. இடைவிலகிப் பத்தாம் நாளில் திரும்பும் பிள்ளையின் படம் எந்தப் பதாகையிலும் வருவதில்லை. அவனும் நம் மாணவனே.

இவ்வளவும் கேட்டிருந்த அம்மாணவி, தாயாரின் பட்டியலை வாங்கி, அதன் தலைப்பிலே இருந்த சிற்றிடத்தில் ஏதோ எழுதினாள். "என்ன பிள்ளை எழுதினாய்?" என்றேன். "உங்கடை தொலைபேசி இலக்கம், ஐயா. வாளிக்கு மேலை எழுதியிருக்கிறன்" என்றாள். தாயார் சிரித்தார். அவர்களை மாங்குளம் செல்லும் பேருந்திலே ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

பேனையும் திருக்குறளும் இம்முறையும் கொடுத்தேன். அவற்றோடு கூட, எந்நேரமும் எடுப்பேன் என்ற வாக்கையும் கொடுத்திருக்கிறேன். அன்று முதல் இரவிற் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்தே உறங்குகிறேன்.